அயர்லாந்துச் சிற்றூரின் பழைய ஓட்டலில் மூன்று இரவுகள் தங்குவது எப்படி

புதுச்சேரிக் குடும்பங்களுக்குப் பாரிஸ் அத்தை வீடு மாதிரி; யாராவது ஒருவர் அங்கே இருப்பார். அயர்லாந்து அப்படியல்ல. எங்கள் மகள் கார்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியராகச் சேர்ந்த பிறகுதான் அந்தத் தீவின் பெயர் எங்கள் வீட்டில் அடிபடத் தொடங்கியது. எங்களுடைய முப்பதாவது திருமண நாளுக்காக, கெர்ரி மாவட்டத்தில் கென்மேர் என்னும் சிற்றூரில், நூறாண்டைக் கடந்த ஓட்டல் ஒன்றில் மூன்று இரவுகள் தங்க அவள் ஏற்பாடு செய்தாள். திரும்பி வந்ததிலிருந்து முத்தியால்பேட்டையிலும் கடலூரிலும் உள்ள உறவினர்கள் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டு வருவதால், அவற்றுக்கான விடைகளைப் பயணத்தின் ஒழுங்கிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தகைய ஓட்டலில் நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பாதிதான் அறைக்குரியது. மறுபாதி, கணப்பு எரியும் கூடத்துக்கும் தோட்டத்துக்கும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடற்கழிக்கும் உரியது. பகல் முழுவதும் காரில் ஊர் சுற்றிவிட்டு இரவில் படுப்பதற்கு மட்டும் வருவதாக இருந்தால், அதே ஊரில் காலை உணவோடு அறை கொடுக்கும் வீடுகள் உண்டு. மிகக் குறைந்த செலவில் அங்கே நிம்மதியாகத் தூங்கலாம். எனவே ஓர் இரவுக்காக இந்த ஓட்டல்களுக்குப் போகாதீர்கள். இரண்டு இரவு குறைந்தபட்சம், மூன்று என்றால் நல்லது. அதில் ஒரு பகல் முழுவதும் வாசலைத் தாண்டாமல் இருப்பது என்று புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எந்த ஓட்டல், எந்த அறை

அந்நாட்டின் பழைய ஓட்டல்களைத் தோராயமாக மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். கோட்டையாக இருந்து ஓட்டலானவை முதல் வகை. காங் என்னும் ஊரில் உள்ள ஆஷ்ஃபர்ட் காசில் 1228-இல் டி பர்கோ குடும்பத்தாரால் தொடங்கப்பட்டு, 1852-இல் கின்னஸ் பீர் குடும்பத்தின் கைக்கு வந்து, 1939-இல் ஓட்டலாக மாறியது. நிலப்பிரபுக்களின் மாளிகைகள் இரண்டாம் வகை. லிமெரிக் மாவட்டத்து அடேர் மேனர், டன்ரேவன் பிரபு குடும்பம் 1832-இல் கட்டத் தொடங்கிய வீடு. மூன்றாவது வகை, ஓட்டலாகவே பிறந்தவை. கிரேட் சதர்ன் அண்ட் வெஸ்டர்ன் என்னும் ரயில்வே நிறுவனம், தன் ரயிலில் பயணிகள் ஏற வேண்டுமானால் இறங்குமிடத்தில் நல்ல படுக்கை இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, 1854-இல் கில்லார்னியில் ஓர் ஓட்டலைத் திறந்தது. 1893-இல் கென்மேருக்குக் கிளைப்பாதை போட்டது. 1897-இல் அங்கேயும் ஓர் ஓட்டலைத் திறந்தது. அதுவே இன்று பார்க் ஓட்டல் என்று வழங்குகிறது. கிளைப்பாதையை 1960-இல் மூடிவிட்டார்கள். ரயிலுக்காகப் பிறந்த ஓட்டல், ரயில் போன பிறகும் நிலைத்து நிற்கிறது.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ரயில்வே ஓட்டல்களையே. கோட்டைகளின் வளாகம் மிகப் பெரியது. ஆஷ்ஃபர்டின் நிலம் மட்டும் 350 ஏக்கர். பேரப்பிள்ளைகள் உடனிருந்தால் அது கொண்டாட்டம்தான். ஆனால் மாலையில் நாலு மனிதர் முகத்தையும் ஒரு கடைத்தெருவையும் பார்த்தால்தான் நமக்கு ஊருக்குப் போன மாதிரி இருக்கும். கென்மேர் போன்ற ஊரில் ஓட்டல் வாசலை விட்டு இறங்கினால் சில நிமிடங்களில் கடைத்தெரு வந்துவிடுகிறது.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது, நம் வெள்ளை நகரத்தில் பழைய பிரெஞ்சு வீடுகளை ஓட்டலாக்கியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்கட்டு அறைக்கு ஓர் உயரம், பின்கட்டு அறைக்கு வேறோர் உயரம், மாடியில் ஒரு மூலை அறைக்கு மட்டும் காற்று. அங்கேயும் அதே கதைதான். ஒரே கட்டணத்தில் இருக்கும் இரண்டு அறைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே பதிவு செய்த கையோடு ஓட்டலுக்கு மின்னஞ்சல் எழுதி, அறை பழைய கட்டடத்தில் உள்ளதா பின்னால் சேர்த்த பகுதியில் உள்ளதா, தண்ணீர்ப் பக்கம் பார்க்குமா வண்டி நிறுத்துமிடம் பார்க்குமா, லிஃப்ட் அந்தத் தளம் வரை போகுமா, குளியலறையில் தொட்டி மட்டுமா தனி ஷவரும் உண்டா என்று கேளுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்குக் கடைசி இரண்டு கேள்விகளும் மிக முக்கியம். தொட்டிக்குள் நின்று குளிக்கும் அமைப்பில் அதன் விளிம்பைத் தாண்டிக் காலை வைப்பது அறுபது வயதுக்கு மேல் விளையாட்டல்ல.

கட்டணம் ஓர் இரவுக்குச் சில நூறு யூரோ என்று தொடங்கும். கோடையில் கோட்டைகளில் அது எங்கோ போய்விடும். ஏப்ரலிலும் அக்டோபரிலும், வார நாட்களிலும் குறைவாக இருக்கும். குளிர்காலத்தில் சில ஓட்டல்கள் சில வாரங்கள் மூடியே இருக்கும். ஜூனில் போனால் அந்தத் தென்மேற்கு மூலையில் இரவு ஏறத்தாழ பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது. டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கணப்பருகே உட்காரவே போகிறோம் என்றால் அக்டோபர்தான் என் விருப்பம்.

கடவுச்சீட்டுக் கணக்கு

நம் ஊரில் ஒரே வீட்டில் ஒருவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் மற்றவருக்கு இந்தியக் குடியுரிமையும் இருப்பது புதிதல்ல. 1962-க்குப் பிறகு பிரான்சைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள், சொல்தா வீடுகள் (பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தவர்களின் குடும்பங்கள்), அவற்றில் பெண் கொடுத்தவர்கள் என்று எத்தனையோ பேர். எங்கள் வீட்டிலும் மனைவி பிரெஞ்சுக் குடிமகள், நான் இந்தியன். அவருக்கு அயர்லாந்து செல்ல விசா வேண்டாம். எனக்கு வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவும் ஷெங்கன் பகுதியில் இல்லை. ஆகவே பாரிசில் இருக்கும் மகனைப் பார்க்க வாங்கிய ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு டப்ளினில் இறங்க முடியாது. அயர்லாந்துக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியக் குடிமகளின் கணவர் என்ற முறையில், திருமணச் சான்றிதழோடு விண்ணப்பித்தால் அதற்குக் கட்டணம் இல்லை. விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத கட்டணத்தில் அறையைப் பதிவு செய்யாதீர்கள். பத்து இருபது யூரோ கூடுதலானாலும் ரத்து வசதி உள்ளதையே எடுங்கள்.

அதே போல, ஓட்டலில் நுழையும்போது அவர்கள் கேட்கும் கார்டு பற்றியும் முன்பே யோசிக்க வேண்டும். தங்கும் செலவுக்கு ஈடாகக் கிரெடிட் கார்டில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். கணக்கு முடித்த பிறகு மிச்சம் விடுவிக்கப்படச் சில நாட்கள் ஆகும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிடாத கார்டு, அந்த வரவேற்பு மேசை முன்னால் வெறும் பிளாஸ்டிக். நான் அப்படித்தான் நின்றேன். மகளின் கார்டு காப்பாற்றியது.

போய்ச் சேருதல்

இந்தியாவிலிருந்து செல்பவர்களுக்கு வளைகுடா வழியாக டப்ளின் போவது வசதி. டப்ளினின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து கில்லார்னிக்கு ரயில் உண்டு. பெரும்பாலும் மாலோ சந்திப்பில் மாற வேண்டும். கில்லார்னியிலிருந்து கென்மேர் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல், மோல்ஸ் கேப் என்னும் மலைக் கணவாய் வழியாக. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்பதால் காரை வாடகைக்கு எடுப்பதில் திகைப்பு இல்லை. ஆனால் சாலை குறுகல்; ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் சுற்றுலாப் பேருந்து. பலகையில் எழுதியிருக்கும் வேகம் மேல்வரம்பு மட்டுமே என்று நினைத்து ஓட்டுங்கள். ஆடுகள் அந்தப் பலகையைப் படிப்பதில்லை.

அறை பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் கிடைக்கும். அதற்கு முன்னால் போய்விட்டால் தயங்க வேண்டாம்; பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார வைப்பார்கள். வாசலில் நிற்கும் பணியாளர் பெட்டியைத் தூக்க வரும்போது நாமும் கைப்பிடியை விடாமல் இழுக்கும் வழக்கம் நமக்கு உண்டு. விட்டுவிடுங்கள். அவர் கையில் இரண்டு யூரோ கொடுத்தால் போதும். கொடுக்காவிட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. உணவறையில் சேவைக் கட்டணம் சேர்க்கப்படாதபோது பத்து சதவீதம் வைப்பது வழக்கம்.

அறைக்குள்

தலைக்கு மேல் மின்விசிறி இருக்காது. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், விசிறிச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராத கடற்கரை ஊர்க்காரர்கள் நாம். முதல் இரவு அந்த அமைதியே என்னை எழுப்பிவிட்டது. சுவரோரம் உள்ள ஹீட்டரில் எண்கள் எழுதிய ஒரு திருகு இருக்கும். நடு எண்ணில் வைத்து ஒரு மணி நேரம் பொறுங்கள். குளிர்கிறதே என்று உச்சத்தில் திருகினால் நள்ளிரவில் வேர்த்து எழுந்து ஜன்னலைத் திறக்க நேரும்.

மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட் என்பதால் சார்ஜருக்கு ஆபத்தில்லை. பிளக் மட்டும் பட்டையான மூன்று முள் கொண்டது. நம் உருண்டை முள் அதில் நுழையாது. இரண்டு அடாப்டர் எடுத்துச் செல்லுங்கள். குளியலறையில் முகச்சவர இயந்திரத்துக்கான சிறு துளைகளைத் தவிர வேறு மின் இணைப்பு இருக்காது. தலைமுடி உலர்த்துவது அறையில்தான்.

குளியலறையைப் பற்றி வெட்கப்படாமல் எழுத வேண்டியிருக்கிறது. கழிப்பறைக்குப் பக்கத்தில் நீர்க்குழாய் இருக்காது, வாளியும் இருக்காது. பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மக் வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தபோது நான் கேலி செய்தேன். அடுத்த மூன்று நாட்களும் அதை முதலில் எடுத்தவன் நான்தான். அதைவிட முக்கியம், தொட்டிக்கு வெளியே உள்ள தரையில் பெரும்பாலும் வடிகால் இல்லை. நம் வீட்டில் குளித்து முடித்ததும் தரையில் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிடுவோமே, அதை அங்கே செய்தால் தண்ணீர் கதவிடுக்கு வழியாகக் கம்பளத்துக்குப் போகும். அதன் கீழே நூறாண்டுப் பழைய மரத்தளம். அதன் கீழே இன்னொருவரின் மேற்கூரை. ஷவர்த் திரையின் அடிப்பகுதியைத் தொட்டிக்கு உள்ளே விட்டுக்கொண்டு குளிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் பாட்டில் வாங்கும் செலவு இல்லை.

காலையில் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டும் பழக்கம் உள்ளவர்கள் அந்த மூன்று நாட்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓர் ஊதுபத்தி போதும் புகையுணர்கருவி அலற. அலறினால் ஓட்டல் முழுவதும் இரவு உடையில் புல்வெளிக்கு வந்து நிற்கும். வீட்டிலிருந்து பொடியும் ஊறுகாயும் கொண்டுபோகலாம். பால்கோவா, நெய், இறைச்சி வகைகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தும் வேண்டாம்.

சாப்பாடு

காலை உணவுதான் இந்த ஓட்டல்களின் பெருமை. அவசரமாக முடித்துவிட்டுக் கிளம்ப நினைப்பவர்கள் ஏமாளிகள். ஐரிஷ் காலை உணவுத் தட்டில் பன்றி இறைச்சித் துண்டுகள், சாசேஜ், முட்டை, வதக்கிய தக்காளி, காளான் ஆகியவற்றோடு கறுப்பாகவும் வெளிறியும் வட்ட வட்டமாகச் சில துண்டுகள் இருக்கும். அவற்றின் பெயர் பிளாக் புட்டிங், ஒயிட் புட்டிங். புட்டிங் என்றதும் இனிப்பு என்று நினைத்து, முதல் நாள் நான் இரண்டு கறுப்பு வட்டங்களை எடுத்து ஜாம் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பரிமாற வந்த பெண் ஒரு கணம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, இது பன்றி ரத்தமும் ஓட்ஸும் சேர்த்துச் செய்தது, தெரியும்தானே ஐயா என்ற பொருளில் கேட்டாள். தெரியாது. ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவன் என்பதால் பிறகு ருசித்துச் சாப்பிட்டேன், ஜாம் இல்லாமல். ஒயிட் புட்டிங்கில் ரத்தம் இல்லை என்றாலும் அதுவும் பன்றிதான்.

சைவர்கள் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் முதல் நாள் இரவே சொல்லிவிட வேண்டும். சூப்பைக் காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழிச் சாற்றில் கொதிக்க வைத்ததா என்று கேளுங்கள். கஞ்சிக்குப் பழகிய வயிற்றுக்கு ஓட்ஸ் கஞ்சி மிகவும் ஒத்துப்போகிறது. அவர்கள் அதில் தேனும் பாலேடும் விடுவார்கள், நாங்கள் உப்பும் எங்கள் ஊறுகாயும் சேர்த்துக்கொண்டோம். பிரவுன் பிரெட் என்னும் அவர்களுடைய சோடா ரொட்டியைத் தவறவிடாதீர்கள். ஈஸ்ட் இல்லை, முழுக்கோதுமை மாவில் மோரும் சமையல் சோடாவும் சேர்த்துச் சுட்டது. வெட்டினால் உதிரும், மேலே கரகரவென்றும் உள்ளே ஈரமாகவும் இருக்கும், அதன்மேல் அந்த நாட்டு மஞ்சள் வெண்ணெயை நம் கண்ணுக்கு அளவுக்கு மீறியதாகத் தோன்றும் கனத்தில் தடவ வேண்டும். புதுச்சேரியில் பகேத் சாப்பிட்டு வளர்ந்த என் மனைவி, ரொட்டி விஷயத்தில் யாரையும் எளிதில் ஒப்புக்கொள்ளாதவர், இதற்குச் சமையலறையில் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டார்.

தேநீர் கடுப்பாக, பாலோடு வருகிறது. இங்கிலாந்துத் தேநீரைக் குடித்துவிட்டு வெந்நீர் என்று திட்டியவர்கள் இங்கே சமாதானமாகலாம். பிற்பகல் தேநீர் என்பது வேறு சங்கதி: மூன்று அடுக்குத் தட்டில் கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக், கீழிருந்து மேலாகச் சாப்பிட வேண்டும். முன்பதிவு தேவை. அதை எடுக்கும் நாளில் மதிய உணவை விட்டுவிடுங்கள், இரண்டையும் வயிறும் தாங்காது, பணப்பையும் தாங்காது. இரவு உணவுக்கான மேசையை அறைப் பதிவின்போதே சொல்லி வைப்பது நல்லது. சில ஓட்டல்களின் பெரிய உணவறையில் ஆண்கள் கோட்டு அணிய வேண்டும் என்ற விதி உண்டு. எங்கும் காலர் சட்டையும் முழுக்கால்சட்டையும் குறைந்தபட்சம். பட்டுப்புடவைக்கு எந்த விதியும் குறுக்கே வராது. மேலே ஒரு கம்பளிச் சால்வை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

கூடம்

நான் முதலில் சொன்ன மறுபாதிப் பணம் இங்கேதான் இருக்கிறது. மழை பெய்யும், கட்டாயம் பெய்யும். அன்று கணப்புக்கு எதிரே உள்ள சாய்வு நாற்காலியில் ஒரு புத்தகத்தோடு உட்காருங்கள். காலையில் இடம் பிடித்தால் மதியம் வரை யாரும் எழுப்ப மாட்டார்கள். நாங்கள் தங்கிய இடத்தில் ஒரு பெரியவர் அரை மணிக்கொரு முறை வந்து, ஒரு விறகைப் புரட்டிப் போட்டு, பித்தளைத் துரட்டியை அதே கோணத்தில் சாய்த்துவிட்டுப் போவார். மூன்றாவது முறை வந்தபோது எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் பேச்சு எப்போதும் வானிலையில் தொடங்கி ஊரில் போய் முடியும். ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் நமக்கு மனமில்லை என்று விட்டுவிடுவார்கள்.

புதுச்சேரிக்காரர்களிடம் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் தெருப்பெயராக இருக்கும் லாலி தொலாந்தால் பிரெஞ்சுத் தளபதி என்றாலும், அவருடைய தந்தை அயர்லாந்தின் கால்வே மாவட்டத்திலிருந்து பிரான்சுக்குப் போனவர். 1758-இல் கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர் லாலி. 1760-இல் வந்தவாசியில் அவரைத் தோற்கடித்து, அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியைச் சரணடைய வைத்த அயர் கூட், லிமெரிக் மாவட்டத்தில் பிறந்தவர். அதாவது நம் ஊர் தரைமட்டமான சண்டையில் இரு பக்கத்துத் தளபதிகளுக்கும் வேர் அயர்லாந்தில். இதைச் சொன்னதும் அந்தப் பெரியவர் துரட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே

கென்மேரின் ஐரிஷ் பெயர் நெய்தீன். சிறு கூடு என்று பொருள். நடந்து பார்க்கும் தூரத்தில் 15 கற்கள் கொண்ட வெண்கலக் காலத்துக் கல்வட்டம் ஒன்று இருக்கிறது. காலை உணவுக்கு முன்னால் போனால் யாரும் இருக்க மாட்டார்கள். 1861-இல் பூர் கிளேர் கன்னியர் மடத்தில் ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய ஊசி லேஸ் இவ்வூரின் பெயரை வெளியே கொண்டுபோனது. நம் ஊரில் குளூனி கன்னியர் மடத்து எம்பிராய்டரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சிக்கூடத்தில் அரை நாள் போய்விடும். ஆகஸ்டு 15-ஆம் தேதியில் போகிறவர்கள் மட்டும் கவனம்: அன்று இங்கே அரவிந்தர் ஆசிரமத்தில் தரிசன நாள், கென்மேரில் மாட்டுச் சந்தை. தெருக்களில் மாடும் குதிரையும் ஆளுமாக நெரியும்; கார் நகராது, அறையும் கிடைக்காது. சந்தையைப் பார்க்கவே போகிறோம் என்றால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

கிளம்பும் நாளில் பதினொரு மணி வாக்கில் அறையைக் காலி செய்ய வேண்டும். முந்தைய இரவே பில்லின் நகலைக் கேட்டு வாங்கி, கூடத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் பாருங்கள்; தேநீருக்கும் இரவு உணவுக்கும் கையெழுத்துப் போட்டதை நாமே மறந்திருப்போம். விடிகாலை விமானம் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு ஐந்து மணிக்குக் கார் வந்தது. வரவேற்பு மேசையில் இரண்டு காகிதப் பொட்டலங்கள் எங்கள் பெயர் எழுதித் தயாராக இருந்தன: அவித்த முட்டை, ஓர் ஆப்பிள், வெண்ணெய் தடவிய பிரவுன் பிரெட் நான்கு துண்டு. என் மனைவியின் பொட்டலத்தில் மட்டும் ஆறு துண்டு.